ஆறு மடை, 150 புளியங்கொட்டை: கூட்டாக வேலை செய்யக் கற்றுத்தரும் ஓர் ஆட்டத்துக்கு முழுமையான வழிகாட்டி

மூன்றாவது முறையிலேயே சண்டை வந்துவிடும். எதற்கு? புளியங்கொட்டைக்கு. தலை நரைத்த விவசாயி, உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் இயக்குநர், மகளிர் குழுத் தலைவி, பட்டம் முடித்துவிட்டு ஊரோடு வந்துவிட்ட பையன் என்று எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்துக் கொட்டாங்கச்சியில் எத்தனை கொட்டை விழுந்தது என்று எட்டிப் பார்ப்பார்கள். "என்னங்க, நாலு எடுத்துட்டு அஞ்சாவதையும் அமுக்குறீங்க?" என்று ஒரு குரல் எழும்பும். அப்போதுதான் எனக்கு நிம்மதி. ஆட்டம் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம்.

நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வட்டாரங்களில் குழுக்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஆரம்பத்தில் கூட்டுறவு, தலைமைப் பண்பு என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு மணிக்கணக்கில் பேசியவன்தான் நானும். எல்லோரும் தலையாட்டுவார்கள். டீயும் மிக்சரும் வந்ததும் கலைந்துவிடுவார்கள். அடுத்த மாதம் அதே குழுவில் அதே சண்டை. பேச்சை விட்டுவிட்டு ஆட்டத்துக்கு மாறியது அதனால்தான். இதை நடத்த மடிக்கணினி, திரை எதுவும் வேண்டாம். ஊர்ப் பொதுக்கூடமோ கோயில் மண்டபமோ போதும், இரண்டரை மணி நேரம் ஆகும்.

ஆட்டத்தின் கரு

காவிரி டெல்டாக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேட்டூர் அணை 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது. திறந்த தண்ணீர் கல்லணை வந்து சேர மூன்று நாள் போல ஆகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. நீடாமங்கலம் மூணாறு தலைப்பில், அதாவது ஆறு பிரியும் இடத்தில், வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் கிளைக்கின்றன. அப்புறம் ஏ, பி, சி, டி வாய்க்கால்களாகச் சிறுத்துச் சிறுத்துக் கடைமடைக்குப் போகிறது. மேலே ஒருவர் எடுக்கிற முடிவு கீழே தெரிய நாளாகும். கீழே இருப்பவர் படும் பாடு மேலே தெரிவதே இல்லை.

நான் பார்த்த குழுக்கள் எல்லாமே இப்படி ஒரு வாய்க்கால்தான். பால் சங்கமோ, மகளிர் குழுவோ, பத்து பேர் வேலை செய்கிற அச்சகமோ, அதில் ஒரு தலைமடையும் ஒரு கடைமடையும் இருக்கும். சண்டைக்குக் காரணம் ஆட்களின் குணம் என்று நினைக்கிறோம். உட்கார்ந்திருக்கும் இடம்தான் முக்கால்வாசிக் காரணம் என்பது என் கட்சி. அதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆடிப் பார்த்தால் நம்புகிறார்கள்.

இந்த யோசனை என்னுடையதில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1960-களின் தொடக்கத்தில் 'பீர் ஆட்டம்' என்று ஒன்றை உருவாக்கினார்கள். சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என்று நான்கு இருக்கைகள். கேட்ட சரக்கு வந்துசேரச் சில வாரம் ஆகும். ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. வாடிக்கையாளர் கேட்கிற அளவு ஆட்டம் முழுக்க ஒரே ஒரு தடவைதான் மாறுகிறது. வாரத்துக்கு 4 பெட்டியாக இருந்தது 8 ஆகிறது, அவ்வளவுதான். அதற்கே ஆலைக்குப் போய்ச் சேருகிற ஆர்டர் ஏறி இறங்கிப் பேயாட்டம் ஆடிவிடும். முடிந்ததும் "வாடிக்கையாளர் எப்படிக் கேட்டிருப்பார், வரைந்து காட்டுங்கள்" என்றால் ஆடியவர்கள் மேடும் பள்ளமுமாக வரைகிறார்கள். கேட்பு தாறுமாறாக இருந்தது என்றே நம்புகிறார்கள். பெட்டியை எடுத்துவிட்டுப் புளியங்கொட்டையை வைத்தேன். என் பங்கு அவ்வளவுதான்.

படி 1: பொருள் சேர்த்தல்

புளியங்கொட்டை 150 வேண்டும், கையிருப்பாக இன்னும் இருபது. சின்னப் பிள்ளைகள் பல்லாங்குழிக்கு அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், எண்ணி வையுங்கள். தீக்குச்சி 12. கொட்டாங்கச்சி 6, இல்லாவிட்டால் காகிதக் குவளை. மூடி போட்ட அட்டைப்பெட்டி ஒன்று. நான்கு முழப் பழைய வேட்டி ஒன்று. சாக்கட்டி, கரும்பலகை, துண்டுச்சீட்டு, பென்சில்.

ஆட்கள் 12 பேர், மடைக்கு இரண்டு பேர். ஒரே ஆளாக உட்காரவைத்தால் மனசுக்குள்ளேயே முடிவெடுத்துவிடுவார். இரண்டு பேர் என்றால் காதைக் கடித்துப் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சுத்தான் பின்னால் உங்களுக்குச் சரக்கு. கணக்கெழுத ஓர் உதவியாளர் வேண்டும். நீங்கள்தான் மேட்டூர்.

படி 2: வாய்க்கால் போட்டு உட்காரவைத்தல்

தரையில் சாக்கட்டியால் நீளக் கோடு ஒன்று. அதன் ஓரமாக ஆறு வட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு கொட்டாங்கச்சி. உங்கள் பக்கம் இருப்பது முதல் மடை, கடைசி ஆறாம் மடை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் வேட்டியைக் குறுக்கே கட்டிவிடுங்கள். மேல் மூவருக்குக் கீழ் மூவர் தெரியக்கூடாது, கீழ் மூவருக்கும் அப்படியே.

யாரை எங்கே உட்காரவைப்பது? இதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யலாம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் செய்தேன். ஒரு ஊரில் பதவியில் இருந்த பெரியவர் ஒருவருக்கு முதல் மடை விழுந்துவிட்டது. ஆட்டம் அங்கேயே செத்தது. அவர் எவ்வளவு எடுத்தாலும் "ஐயா பார்த்துச் செய்வாங்க" என்று மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அதிலிருந்து ஊரில் செல்வாக்குள்ளவரை ஆறாம் மடையில்தான் உட்காரவைக்கிறேன். முதல் மடைக்கு, கூட்டத்தில் இதுவரை வாயே திறக்காத இருவர். யாரும் கேட்டால் "குலுக்கல்ல வந்துச்சுங்க" என்று சொல்லிவிடுவேன். சின்னப் பொய்தான்.

படி 3: விதிகள்

இதைப் பலகையில் எழுதிப் போடுங்கள், வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள்.

ஆட்டம் 8 முறை நடக்கும். ஒரு முறை என்பது குறுவையில் ஒரு நீர்ப்பாய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முறைக்கு முறை ஒவ்வொரு மடைக்கும் 2 தீக்குச்சி கிடைக்கும். அது அந்த மடையின் ஆள்பலம். குச்சியைத் தன் வயலில் வைத்துக்கொள்ளலாம், அல்லது மூடிய பெட்டியில் போடலாம். பெட்டி என்பது வாய்க்கால் தூர்வாருவது. யார் எத்தனை போட்டார் என்று வெளியில் தெரியாது.

குச்சி போட்ட பிறகு தண்ணீர். நீங்கள் அந்த முறைக்குரிய கொட்டைகளை முதல் மடையில் கொடுப்பீர்கள். அவர்கள் வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே தள்ளுவார்கள். பெட்டியில் மொத்தம் 4 குச்சியாவது இருந்தால் தண்ணீர் முழுசாகக் கீழே போகும். குறைந்தால், வேட்டிக்குப் பின்னால் இருக்கும் உதவியாளர் நாலாம் மடைக்குப் போகும் முன்பே 6 கொட்டையை எடுத்துவிடுவார். தூர் அடைத்த வாய்க்காலில் தண்ணீர் நிற்கிற மாதிரி. இந்த இழப்பு மேல் மூவர் கண்ணுக்குப் படவே படாது. கவனித்துக்கொள்ளுங்கள், ஆட்டத்தின் உயிர் இந்த விதியில் இருக்கிறது.

மதிப்பெண் இப்படி: 4 கொட்டை கிடைத்தால் 4, 3 கிடைத்தால் 3, 2 கிடைத்தால் வெறும் 1, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. நாலுக்கு மேல் எடுத்தாலும் 4-தான். வயலில் வைத்த குச்சி ஒவ்வொன்றுக்கும் 1, ஆனால் அந்த முறை குறைந்தது 2 கொட்டையாவது வந்திருக்க வேண்டும். காய்ந்த வயலில் ஆள் நின்று என்ன செய்ய? அடுத்தடுத்து இரண்டு முறை 0 அல்லது 1 கொட்டை என்றால் பயிர் காய்ந்துவிட்டது, அதுவரை சேர்த்ததில் பாதி போய்விடும். இந்தத் தண்டனை ஒரு மடைக்கு ஒரு தடவைதான்.

மடைக்கு மடை பேச்சு கிடையாது. சொல்ல வேண்டியதைத் துண்டுச்சீட்டில் எழுதிப் பக்கத்து மடைக்குக் கொடுக்கலாம். ஒரு சீட்டு ஒரு முறையில் ஒரு மடைதான் நகரும். ஆறாம் மடைச் சீட்டு முதல் மடையை எட்ட 5 முறை ஆகும் என்பதை அவர்களாகவே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

வரத்துக் கணக்கு உங்களுக்கு மட்டும் தெரிய வேண்டும்: 24, 24, 18, 12, 12, 18, 24, 18. கூட்டினால் 150.

படி 4: முதல் நான்கு முறை

வாய் திறக்காதீர்கள். இதுதான் நடத்துபவருக்குப் பெரிய பாடு. நான் முதன்முதலில் நடத்தியபோது, "இது சுயநலத்தைப் பற்றிய ஆட்டம்" என்று முன்னுரை கொடுத்துவிட்டேன். எல்லோரும் உத்தமர்களாகி, நாலாவதைக்கூடத் தொடாமல் கீழே தள்ளினார்கள். அன்று யாரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை, நான் ஒருவனைத் தவிர.

முதல் இரண்டு முறை 24 வருகிறது. மடைக்கு 4 என்று எல்லோருக்கும் போதும். ஆனாலும் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டோ மூன்றோதான் கிடக்கும். "நாம போடாட்டி வேற யாராவது போடுவாங்க" என்று மடைக்கு மடை நினைத்திருப்பார்கள். உதவியாளர் 6 கொட்டையை எடுப்பார். ஐந்தாம் மடைக்கு இரண்டு வரும், ஆறாம் மடைக்கு ஒன்றும் வராது. அவர்களுக்கு என்ன தோன்றும்? மேலே இருப்பவன் அள்ளிக்கொண்டான் என்று. மேலே இருப்பவனோ தன் பங்கு நாலை மட்டும் எடுத்துவிட்டு மனச்சாட்சி சுத்தமாக உட்கார்ந்திருப்பான். திருடன் யாருமே இல்லாத திருட்டு இது.

மூன்றாவதில் 18. வேட்டிக்குக் கீழே முணுமுணுப்பு. நான்காவதில் 12 வந்ததும் சிலர் எழுந்தே விடுவார்கள். உதவியாளரிடம் முன்பே சொல்லி வையுங்கள்: காதில் விழுகிற பேச்சையெல்லாம் அப்படியே எழுதிக்கொள்ளட்டும். ஆள் பெயர் வேண்டாம், மடை எண் போதும்.

படி 5: உடைப்பு

ஐந்தாம் முறை தொடங்கும் முன் மணியடித்துச் சொல்லுங்கள்: "தலைமதகுக் கரையை அரிச்சிட்டுப் போயிருச்சு. ஒரே முறையில் 8 குச்சி விழுந்தால்தான் கரை நிக்கும். அதுவரை யாருக்கும் சொட்டுத் தண்ணி கிடையாது." வேட்டியை அவிழ்த்துவிடுங்கள். பேசிக்கொள்ள 10 நிமிடம். கரைக்கு விழும் 8 குச்சியே அந்த முறைக்குத் தூர்வாரலாகவும் கணக்காகும்.

2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில் 9 ஷட்டர் அடித்துக்கொண்டு போனதை நினைவுபடுத்தினால் போதும், ஆட்டம் என்பதே மறந்துவிடும்.

மேல் மூன்று மடையிடம் மொத்தம் 6 குச்சிதான். எட்டுக்கு எங்கே போவது? நாலு முறையாக வேட்டிக்குப் பின்னால் காய்ந்துகொண்டிருந்தவர்களிடம்தான் வர வேண்டும். 2009-ல் பொருளாதார நோபல் வாங்கிய எலினார் ஆஸ்ட்ரம், நேபாள மலைக்கிராமங்களின் வாய்க்கால்களை ஆராய்ந்து இதைத்தான் பார்த்தார். விவசாயிகளே கட்டி ஆண்ட வாய்க்கால் பல, அரசு கட்டிக்கொடுத்த சிமெண்டு வாய்க்காலைவிடக் கடைமடைக்கு நன்றாகத் தண்ணீர் கொண்டுபோயின. வருஷா வருஷம் தலைப்பைச் செப்பனிடக் கடைமடைக்காரர்களின் ஆள்பலம் தலைமடைக்கு வேண்டியிருந்தது அதற்கு ஒரு பெரிய காரணம். நமக்கும் புதிதில்லை. ஊர்க்காரர்களே கூடி வாய்க்காலைச் செப்பனிடும் குடிமராமத்து என்று இருந்ததுதானே. வெள்ளைக்காரன் 1858-ல் அதைச் சட்டமாகவே போட்டான். தமிழக அரசு 2017-ல் அதே பெயரில் திட்டம் கொண்டுவந்தது. பெயர் திரும்பி வந்தது, அந்தப் பழைய பிடிமானம் எல்லா ஊரிலும் திரும்பியதா என்பது உங்கள் ஊர் வாய்க்காலைப் பார்த்தால் தெரியும்.

இந்தப் பத்து நிமிடத்தில் உங்கள் கண் ஓர் ஆள் மேல்தான் இருக்க வேண்டும். சத்தமாகப் பேசுகிறவர் மேல் இல்லை, அவர் தானாகவே தெரிவார். யார் முதலில் எழுந்து போய் அடுத்த மடையின் கொட்டாங்கச்சியைப் பார்க்கிறார் என்று பாருங்கள்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் மடையில் இருந்தவர் எழுந்து, "எல்லாரும் ஆளுக்கு ரெண்டு போடுங்க, பேச்செல்லாம் அப்புறம்" என்றார். ஊரில் அவர் வார்த்தைக்கு மதிப்பு உண்டு. ஆறாம் மடையில் ஓர் அக்கா. "போடுறோங்கண்ணே. போட்டுட்டா தண்ணி எங்க வரைக்கும் வருமுன்னு யார் சொல்றது?" என்றார். யாரும் பேசவில்லை. அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. மூன்றாம் மடையில் இருந்த பையன், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதிருக்கும், ஒன்றும் சொல்லாமல் எழுந்தான். ஆறு கொட்டாங்கச்சியையும் எடுத்து வந்து நடுவில் வரிசையாக வைத்தான். தன்னுடையதைக் கவிழ்த்து எண்ணிக் காட்டினான். அவ்வளவுதான். கடைசி இரண்டு கொட்டாங்கச்சி சுத்தமாகத் துடைத்த மாதிரி காலியாக இருந்தன. முதல் மடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "ரெண்டாவது முறையிலேர்ந்தே இப்படியா?" என்று கேட்டார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. பேச்சு அதற்கப்புறம் வேறு தடத்தில் போயிற்று.

படி 6: மீதி நான்கு முறை

இனிப் பேசலாம், வேட்டி கிடையாது. நீங்கள் தண்ணீர் மட்டும் கொடுங்கள்.

ஐந்தாவது முறையில் வரும் 12 கொட்டையில் ஒரு கண்ணி வைத்திருக்கிறேன். கூட்டத்தில் மனசு இளகியிருப்பார்கள், "ஆளுக்கு ரெண்டு, சமமா" என்பார்கள். ஆறு பேருக்கு ஆளுக்கு 2 என்றால் ஆளுக்கு 1 மதிப்பெண், மொத்தம் 6. அதையே நான்கு மடைக்கு மும்மூன்றாகக் கொடுத்தால் 12. இரண்டு மடை காயும், ஆனால் அவர்கள் குச்சியை வாய்க்காலுக்குக் கொடுத்துவிட்டு அடுத்த முறை முதலில் வாங்கிக்கொள்ளலாம். முறைப்பாசனம் என்று பெரியவர்கள் வைத்தது இதற்குத்தான். மெலிந்த தண்ணீரை எல்லா வயலுக்கும் விட்டால் ஒரு வயலும் நனையாது. சமம் வேறு, முறை வேறு. இதைக் கண்டுபிடிக்கிற குழு உண்டு, கண்டுபிடிக்காத குழு அதிகம். கண்டுபிடித்தாலும், "இந்தத் தடவை நீங்க விட்டுக்கொடுங்க" என்று ஏற்கெனவே இரண்டு தடவை காய்ந்தவரிடமே கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் கையில் இரண்டு எண் இருக்கட்டும். எட்டு முறையும் ஒற்றுமையாக ஆடினால் அதிகபட்சம் 210 வரும்: தண்ணீரில் 150, வயல் குச்சியில் 60. எல்லோரும் அவரவர் மட்டும் பார்த்து, பெட்டியில் ஒரு குச்சிகூடப் போடாமல், உடைப்பையும் அடைக்காமல் விட்டால் 45. அந்த 45-ல் மேல் மூன்று மடைக்கு ஆளுக்கு 12. ஒற்றுமையாக ஆடியிருந்தால் சராசரியாக ஆளுக்கு 35. தலைமடைக்காரர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டாமல் தர்மம் பேசினால் காதில் ஏறாது.

படி 7: உட்கார்ந்து பேசுதல்

முக்கால் மணி நேரம் இதற்கு வேண்டும். நேரம் போதவில்லை என்றால் ஆட்டத்தைக் குறையுங்கள், இதைக் குறைக்காதீர்கள். விளையாடிவிட்டுப் பேசாமல் போவது, நாற்றுவிட்டுவிட்டு நடவு நடாமல் போவது மாதிரி.

மதிப்பெண் பலகையைத் திருப்பி வைத்துவிடுங்கள். ஒவ்வொரு மடையும் ஒரு காகிதத்தில் எழுதட்டும்: மற்ற ஐந்து மடைக்கும் முதல் நான்கு முறையில் எத்தனை கொட்டை கிடைத்திருக்கும்? எழுதி முடித்த பின் பலகையைத் திருப்புங்கள். மேல் மடைகள் கீழே போனதைக் கூட்டி எழுதியிருக்கும். கீழ் மடைகள் மேலே தங்கியதைக் கூட்டி எழுதியிருக்கும். முதல் மடைக்கு 24 கிடைத்ததாக நினைத்தவர் 16-ஐப் பார்த்துத் தலையைச் சொறிவார். இந்த ஒரு காகிதத்துக்காகத்தான் இவ்வளவு பாடும். நான் இங்கே ஒன்றும் சொல்வதில்லை. டீ கொடுக்கச் சொல்லிவிட்டு ஓரமாகப் போய்விடுவேன். அவர்களே பேசிக்கொள்வார்கள்.

அடுத்து, சீட்டுகள். எல்லாச் சீட்டையும் சேர்த்து, எது எங்கே நின்றது என்று தேடுங்கள். ஒரு குழுவில் ஆறாம் மடை இரண்டாம் முறையிலேயே "தண்ணி வரல" என்று தெளிவாக எழுதி அனுப்பியிருந்தது. அந்தச் சீட்டு நாலாம் மடையில் சட்டைப்பையில் இருந்தது. ஏங்க என்று கேட்டால், "எங்களுக்கு வந்துச்சுல்ல, அதனால அவசரமாத் தெரியலை. மேல கேட்டா குடுக்கலாமுன்னு இருந்தேன்" என்றார். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் கிடையாது. பெரிய நிறுவனங்களில் புகார்கள் சாவதும் இப்படி நடுவில் இருக்கும் ஒரு நல்ல மனிதரின் சட்டைப்பையில்தான். மேலே இருப்பவர் "எனக்கு யாருமே சொல்லலையே" என்பதும் உண்மை, கீழே இருப்பவர் "சொல்லிச் சொல்லி அலுத்துட்டோம்" என்பதும் உண்மை.

இங்கே ஒரு நடைமுறைக் குறிப்பு. ஆட்களின் பெயரைச் சொல்ல விடாதீர்கள், மடை எண்ணை மட்டும் சொல்ல வையுங்கள். நம் ஊரில் வயதில் சின்னவர் பெரியவரைப் பார்த்து, "சித்தப்பா, நீங்க செஞ்சது தப்பு" என்று சொல்லிவிட முடியுமா? சொன்னால் கல்யாணம் காட்சியில் முகம் பார்க்க முடியாது. ஆனால் "முதல் மடை அஞ்சு எடுத்துருச்சு" என்று சொல்ல யாருக்கும் கூச்சமில்லை. சித்தப்பாவும் "ஆமாம்ப்பா, முதல் மடை கொஞ்சம் பேராசைதான்" என்று சிரித்துவிடுவார். ஆளிடமிருந்து இடத்தைப் பிரித்துவிட்டோம், அவ்வளவுதான். இதே காரணத்துக்காக "யார் தப்பு?" என்ற கேள்வியை நான் கேட்பதே இல்லை. "எந்த முறையில் எது தெரிஞ்சிருந்தா வேற மாதிரி செஞ்சிருப்பீங்க?" என்று கேட்கிறேன்.

கடைசியில் தலைமை. "இன்னைக்கு யார் தலைவர்?" என்று கேட்டால் சத்தம் போட்டவரைக் காட்டுவார்கள். அதை விட்டுவிடுங்கள். உதவியாளர் எழுதியதை எண் மட்டும் சொல்லிப் படிக்கச் சொல்லுங்கள். யார் உத்தரவு போட்டார், யார் கேள்வி கேட்டார், யார் எழுந்து போய்ப் பார்த்தார் என்று தானாகப் பிரிந்துவிடும். வாயைவிடக் கால் பெரிசு என்று எனக்கு ஒரு பிடிவாதம். வாய்க்காலில் கடைசி வரை நடக்காத ஆள் எவ்வளவு நியாயமாகப் பங்கு பிரித்தாலும் அது குருட்டு நியாயம்தான். மதகைத் திறந்து மூடும் பழைய லஸ்கர்களுக்கு எந்த மதகில் எத்தனை பலகை இறக்கினால் எந்த வயலில் எவ்வளவு ஏறும் என்று விரல் நுனியில் இருந்தது. படிப்பால் வந்ததில்லை, தினமும் கரையில் நடந்ததால் வந்தது.

படி 8: இரண்டாம் ஆட்டம்

இடத்தைத் தலைகீழாக மாற்றுங்கள். முதல் மடை ஆறாவதாகும், ஆறாவது முதலாகும். வேட்டி வேண்டாம், தொடக்கத்திலிருந்தே பேசலாம். வரத்தை 24, 18, 12, 24, 12, 18, 24, 18 என்று கலைத்துக்கொள்ளுங்கள், உடைப்பை ஆறாம் முறைக்குத் தள்ளுங்கள். இப்போதும் உச்சம் 210-தான். இந்தத் தடவை 12 வருகிற முறைகள் அடுத்தடுத்து இல்லை. இன்று விட்டுக்கொடுத்தவர் ஒரு முறை தாண்டித்தான் ஈடு பெற முடியும். அதுவரை யார் நினைவில் வைத்திருப்பது? நல்ல குழு இங்கே ஒரு நோட்டுப் போடும். எழுதி வைக்காத முறை மூன்றாம் தவணையில் பஞ்சாயத்துக்கு வந்துவிடும்.

பழிதீர்க்கும் ஆட்கள் வரலாம். முதல் ஆட்டத்தில் காய்ந்தவர் இப்போது மேலே உட்கார்ந்து, "நீங்க அன்னைக்கு என்ன செஞ்சீங்க?" என்று ஐந்து எடுப்பார். தடுக்காதீர்கள், ஒரு முறை போகட்டும். நாலாவதுக்கு மேல் எடுத்தால் மதிப்பெண் ஏறவில்லை என்று பார்த்ததும் அவருக்கே அலுத்துவிடும். அலுக்காவிட்டால் அந்தக் குழுவுக்குள் ஆட்டத்துக்கு வெளியே ஏதோ பழைய கணக்கு இருக்கிறது. அன்றைக்கு அதைக் கிளறாதீர்கள்.

வேறு குழுக்களுக்கு

விவசாயம் தெரியாத கல்லூரிப் பிள்ளைகளுக்கும் இதே ஆட்டம் ஓடும், முன்னால் பத்து நிமிடம் வாய்க்காலைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். அலுவலகங்களில் கொட்டையைப் பணம் என்றும் குச்சியை நேரம் என்றும் மாற்றிச் சிலர் நடத்துகிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. பணம் என்றதும் எல்லோரும் கணக்கப்பிள்ளை ஆகிவிடுகிறார்கள். ஆட்கள் 12-க்கு மேல் இருந்தால் இரண்டு வாய்க்கால் போடுங்கள், ஒரே மடையில் நாலு பேரை அடைக்காதீர்கள்.

படி 9: பதினைந்து நாள் கழித்து

ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு மடை இணைக்கும் ஒரு வேலை கொடுத்து அனுப்புகிறேன். உங்கள் சொந்த வேலையின் கடைமடை எதுவோ, அதுவரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து மூன்று வரி எழுதுங்கள். வாய்க்கால் பாசனக்காரர் வாய்க்காலின் கடைசி வரை, பால் சங்கத் தலைவர் கடைசி உறுப்பினரின் தொழுவம் வரை, மகளிர் குழுத் தலைவி கூட்டத்துக்கு வராத அக்காவின் வாசல் வரை. போன் பண்ணிக் கேட்பது கணக்கில் சேராது. பதினைந்து நாளில் திரும்பக் கூடி, எழுதியதை வாசிக்க வேண்டும்.

பாதிப் பேர் எழுதி வர மாட்டார்கள், அதற்குத் தயாராக இருங்கள். எழுதி வந்தவர்களில் ஒருவர், முதல் ஆட்டத்தில் முதல் மடையில் இருந்தவர், நிஜத்திலும் தலைமடைக்காரர், இப்படி வாசித்தார்: "நாப்பது வருஷமா இதே வாய்க்கால்ல பாய்ச்சுறேன். கடைசியில ஒரு சின்னப் பாலம் இருக்குன்னே எனக்குத் தெரியாதுங்க. பாலத்தடியில ஆகாயத்தாமரை மண்டி அடைச்சுக் கிடக்கு." மூன்றாவது வரியை எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன். மண்வெட்டியும் கொக்கியும் எடுத்துக்கொண்டு நாலு பேர் அந்தப் பக்கம் போயிருக்கிறார்கள், வந்ததும் எழுதலாம் என்றார்.